முதலில் தண்ணீரை இறக்குங்கள், கியர்பொக்ஸ் காத்திருக்கும்

கேள்வி: ஓகஸ்டில் நானும் மனைவியும் மோட்டார் ஹோமில் (வீட்டு வசதியுள்ள வண்டி) வெளிக்கிட்டு, வன்கூவர் வரை போய்விட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். 2004 மொடல், 30 அடி, வி10 பெற்றோல் எஞ்சின். தண்டர் பே தாண்டியதில் இருந்து ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சொட்டும் இல்லை. வழியில் மரத்தன், வைற் ரிவர் என்று நிற்கிற இடமெல்லாம் ஒன்றும் கலக்காத வெறும் தண்ணீர் விட்டு ஓட்டினேன், மொத்தம் 12 லீற்றர் இருக்கும். வட ஒன்ராறியோவில் வாவா என்ற சின்ன ஊருக்குக் கிட்ட ஒரு ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. இங்குள்ள கராஜில் கியர்பொக்ஸ் முடிந்தது, திருத்தியது ஒன்று தெற்கிலிருந்து வர 3 கிழமை, 9,800 டொலர் என்கிறார்கள். 6 நாளாக மோட்டலில் இருக்கிறோம், இன்று ஒக்டோபர் 17, காலையில் கண்ணாடியில் ஐஸ் பிடித்திருந்தது. மகன் கிடைத்த விலைக்கு விற்கச் சொல்கிறான். நான் கராஜ் வளவில் வண்டிக்குள்ளேயே படுத்துக் காத்திருக்கலாம் என்று பார்க்கிறேன், மோட்டல் காசாவது மிஞ்சும். மனைவி வீட்டுக்குப் போவோம் என்கிறார். வண்டி நல்ல நிலையில் 25,000 டொலர் பெறும். என்ன செய்யலாம்?

பதில்:

அண்ணை, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கியர்பொக்ஸைப் பற்றி எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், குளிக்கிற, கழுவுகிற தண்ணீரை வண்டியிலிருந்து இறக்கியாயிற்றா என்று ஒரு வரி இல்லை. இறக்கவில்லை என்றால் மிச்சத்தைப் பிறகு வாசியுங்கள், இன்றைக்கே அந்த வேலையைப் பாருங்கள்.

நான் ஸ்காபரோவில் 25 வருசமாக வாகனம் திருத்துகிறேன், அதில் பாதிக்காலம் இந்த மாதிரி வீட்டு வண்டிகளோடு. உங்களிடம் நிற்பது இரண்டு சாமான்கள், ஒன்று ஓடுகிற வண்டி, மற்றது வீடு. ஓடுகிற வண்டி ஏற்கெனவே பழுதாகிவிட்டது, அது மே மாதம் வரை அப்படியே நின்றாலும் இதைவிட மோசமாகப் பழுதாகாது (ஒரு விசயத்தைத் தவிர, அதற்கு வருகிறேன்). வீடு இன்னும் பழுதாகவில்லை. ஆனால் ஒரே இரவில் பழுதாகும். மைனஸ் 2, 3 ஒன்றிரண்டு மணித்தியாலம் வந்து போனால் தாங்கும், மைனஸ் 5, 6 ஒரு முழு இரவு நின்றால் தாங்காது. வாவாவில் நவம்பரில் அது சாதாரணம், ஜனவரியில் மைனஸ் 20ஐத் தாண்டும். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவில் பருக்கும். வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் கொஞ்சம் இழுபட்டுத் தப்பிவிடும். உடைவது பம்பும், பைப் தலைக்குள் இருக்கிற வால்வும், ரொய்லெற்றின் பின்னால் இருக்கிற சின்ன வால்வும், சுடுதண்ணீர்த் தாங்கியும். கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் உடையும்.

எப்படி இறக்குவது? ஹார்ட்வெயார் கடையில் றோஸ் நிற அன்ரிஃபிரீஸ் (குளிரில் உறையாத திரவம்) இருக்கும், அந்தப் பக்கத்தில் கொட்டேஜ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இந்த மாதத்தில் வாங்குவது அதைத்தான். நச்சில்லாத புரொப்பிலீன் கிளைக்கோல் என்று எழுதியிருக்க வேண்டும். எஞ்சினுக்கு விடுகிற பச்சையோ மஞ்சளோ தண்ணீர்க் குழாய்க்குள் போகவே கூடாது, அது எதிலீன் கிளைக்கோல், நஞ்சு. 12 லீற்றர் வாங்குங்கள். சுடுதண்ணீர் ஹீற்றரின் காஸ் சுவிச்சையும் கரண்ட் சுவிச்சையும் நிற்பாட்டி ஓர் இரவு ஆற விடுங்கள், பிறகு வெளியே இருக்கிற மூடியைத் திறந்து மேலே உள்ள அழுத்த வால்வைத் தூக்கிக் காற்றை விட்ட பிறகுதான் அடி நட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கழற்றினால் சுடுதண்ணீர் நெஞ்சில்தான் அடிக்கும். 23 லீற்றர் அளவில் வரும், கடைசியில் உப்புக்கல் மாதிரி வெள்ளைத் துண்டுகளும் வரும், பயப்பட வேண்டாம். கரண்ட் சுவிச்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், தாங்கி வெறுமையாக இருக்கும்போது யாராவது போட்டால் உள்ளே இருக்கிற சூட்டுக் கம்பி எரிந்துவிடும். நல்ல தண்ணீர்த் தாங்கியையும், அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு வடிகால் குழாய்களையும் திறந்துவிடுங்கள். எல்லாம் வடிந்ததும் திரும்பப் பூட்டி, ஹீற்றரின் பின்னால் இருக்கிற பைபாஸ் வால்வைத் திருப்புங்கள், இல்லாவிட்டால் வாங்கிய அன்ரிஃபிரீஸ் முழுக்க அந்தத் தாங்கிக்குள் போய்விடும். பம்பின் உள்வரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் விட்டு பம்பைப் போட்டு, ஒவ்வொரு பைப்பாகத் திறவுங்கள், முதலில் குளிர் பக்கம், பிறகு சூட்டுப் பக்கம், றோஸ் நிறம் வந்ததும் பூட்டுங்கள். ரொய்லெற், ஷவர், எல்லாம். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு கோப்பை அளவு ஊற்றுங்கள், கீழே வளைந்த குழாயில் தண்ணீர் நிற்கும்.

வெளி ஷவரை மறக்க வேண்டாம்! நான் ஒரு பழைய டிரெயிலர் வாங்கின முதல் வருசம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள், பக்கக் கதவுக்குப் பின்னால் இருந்த அந்தக் குட்டி ஷவரை மட்டும் விட்டுவிட்டேன். மே மாதம் தண்ணீர் இணைத்துவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி வைக்கிறேன், அலமாரிக்குப் பின்னால் மழை பெய்கிற சத்தம்.

கழிவுத் தாங்கிகளும் இருக்கின்றன. வண்டி ஓடாது, ஆகவே கொட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, அந்தப் பக்கத்து மாகாணப் பூங்காக்கள் பலவும் தாங்ஸ்கிவிங்கோடு (ஒக்டோபரின் இரண்டாம் திங்கள்) மூடிவிடுகின்றன. மலக்குழி இறைக்கிற ட்ரக்காரருக்குப் போன் பண்ணுங்கள், கிராமப்புறத்தில் எல்லா ஊருக்கும் ஒருவர் இருப்பார், வளவுக்கே வந்து இழுத்துக்கொண்டு போவார். அது முடிந்ததும் மிஞ்சிய அன்ரிஃபிரீஸை அந்தத் தாங்கிகளுக்குள் கொஞ்சம் ஊற்றுங்கள், வால்வு இறுகாமல் இருக்கும்.

சரி, இப்போது எஞ்சின் பக்கம்.

நீங்கள் விட்ட 12 லீற்றர் தண்ணீர் எங்கே போனது? கீழே சொட்டவில்லை, ஆனால் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் கியர் பிடிக்கவில்லை. எனக்கு இது மூன்றும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. இந்த வகை வண்டிகளில் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸின் ஓயில் ஆறுவதற்காக ரேடியேற்றருக்குள்ளேயே ஒரு சின்னக் குழாய்ப் பகுதி இருக்கும், ஒரு பக்கம் ஓயில், மறுபக்கம் தண்ணீர், நடுவில் மெல்லிய உலோகச் சுவர் மட்டும். அது 20 வருசத்தில் அரித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே வராது, நேரே கியர்பொக்ஸுக்குள் போகும். அங்கே கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பட்டை பசையால் ஒட்டப்பட்டிருக்கும், தண்ணீரும் கிளைக்கோலும் சேர்ந்து அந்தப் பசையை இளக்கிவிடும், பட்டை உரிந்து ஓயிலில் மிதக்கும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் கத்துமே தவிர வண்டி நகராது.

இதைப் பார்க்க கராஜ்காரர் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும்போது கியர்பொக்ஸ் ஓயில் அளக்கிற கம்பியை இழுத்து ஒரு வெள்ளைக் கடதாசியில் துடையுங்கள். ஓயில் தெளிவான சிவப்பாக இருந்தால் நான் சொன்னது பிழை, தண்ணீர் வேறு வழியில் போயிருக்கிறது, எஞ்சினின் ஹெட் காஸ்கெட்டை (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) சோதிக்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து பலூடா மாதிரி, பால் கலந்த றோஸ் நிறத்தில் நுரைத்து வந்தால் சரியாகப் பிடித்துவிட்டோம்.

பலூடா என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த 9,800 டொலருக்குள் புது ரேடியேற்றர் இருக்கிறதா? கியர்பொக்ஸை மட்டும் மாற்றிப் பழைய ரேடியேற்றரையே இணைத்தால், புதிதாகப் போட்டதும் அதே தண்ணீரைக் குடித்து அதே மாதிரிப் போகும், தெற்கே அடுத்த பெரிய ஊரான சூ செயின்ட் மேரி வரைகூட வராது. ரேடியேற்றர், ஓயில் போகிற குழாய்கள், முன்னால் தனியாக ஒரு ஓயில் கூலர் இருந்தால் அதுவும், எல்லாம் மாற வேண்டும் அல்லது நன்றாகக் கழுவப்பட வேண்டும், டோர்க் கொன்வேர்ட்டரும் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பொக்ஸுக்குக் கடத்துகிற பகுதி) புதிது வேண்டும். கராஜ்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம், நீங்கள் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்த கதையை அவரிடம் சொன்னீர்களா? பலர் சொல்வதில்லை. வெட்கம். வைத்தியரிடம் வெற்றிலை போடுவதை மறைக்கிற மாதிரி.

மேலே ஒரு விசயத்தைத் தவிர என்றேனே, அது நீங்கள் விட்ட இந்த வெறும் தண்ணீர்தான். எஞ்சினுக்குள் பாதிக்குப் பாதி கலந்த அன்ரிஃபிரீஸ் இருந்தால் மைனஸ் 37 வரை உறையாது. உங்கள் எஞ்சின் மொத்தமாகக் கொள்வது 28 லீற்றர் அளவில், அதில் 12 லீற்றர் போய்ப் போய் வெறும் தண்ணீராக மாறியிருக்கிறது, இப்போது 30 சதவீதம்தான் இருக்கும், அது மைனஸ் 15 அளவிலேயே உறையத் தொடங்கும். வாவாவின் நடுக்குளிர் அதைத் தாண்டும், கெட்டியாக உறைந்தால் எஞ்சின் புளொக் (எஞ்சினின் உலோக உடல்) வெடிக்கலாம். அப்புறம் கியர்பொக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேலையே இல்லை, வண்டியே முடிந்துவிடும். ஆகவே கராஜ்காரரிடம் கியர்பொக்ஸுக்குப் போகிற குழாய்களை அடைத்துவிட்டு, இருக்கிறதில் ஒரு பங்கை இறக்கி, தண்ணீர் கலக்காத அன்ரிஃபிரீஸ் விட்டு, எஞ்சினைச் சூடேறும் வரை ஓடவிடச் சொல்லி, அளவுக்கருவியில் ஒரு சொட்டு வைத்து மைனஸ் 37 காட்டுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஒரு மணித்தியால வேலை. இந்தக் கடிதத்தில் நான் சொல்கிறவற்றில் ஆகக் குறைந்த செலவில் ஆகப் பெரிய நட்டத்தைத் தடுப்பது இதுதான்.

வண்டிக்குள் படுக்கிற யோசனையை விடுங்கள். மோட்டல் காசு வலிக்கும், விளங்குகிறது, ஆனால் கணக்கைப் பாருங்கள். உங்கள் புரொப்பேன் தாங்கி அடியில் வண்டியோடு பூட்டியது, கழற்ற முடியாது, நிரப்புவதென்றால் வழமையாக வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும், அதுதானே முடியாமல் நிற்கிறீர்கள். சூட்டு அடுப்பின் காற்றாடி 12 வோல்ற் பற்றரியில் ஓடுகிறது, வெளிக் கரண்ட் இல்லாமல் ஓரிரவு, கூடினால் இரண்டு. பற்றரி விடியப்புறம் நாலு மணிக்கு இறங்கும், அதோடு சூடும் நிற்கும். அதற்குப் பிறகுதான் ஆட்கள் காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2004 வண்டியில் அப்போதே பூட்டிய அலாரம் என்றால் அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பச்சை லைற் எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அண்ணி சொல்கிறதுதான் சரி, வீட்டுக்கு வாருங்கள். ஒன்ராறியோ நார்த்லாண்ட் பஸ் அந்தப் பாதையால் போகிறது, அல்லது மகனை சூ செயின்ட் மேரி வரை வரச் சொல்லுங்கள், விற்கச் சொல்லிப் போனில் புத்தி சொல்கிறவர் 700 கிலோமீற்றர் ஓடி வந்தால் என்ன.

மகனின் யோசனையைப் பற்றி: ஒக்டோபரில், நகராத மோட்டார் ஹோமை, வடக்கில் ஒரு சின்ன ஊரில் யார் வாங்குவார்கள்? பழைய இரும்புக்காரர். விற்பதென்றால் ஓடுகிற வண்டியாக ஏப்ரலில் விற்க வேண்டும். ஆனால் காசைக் கொட்டுவதற்கு முன் ஒரு ஏணி கேட்டு வாங்கிக் கூரையில் ஏறி, ஓரங்களிலும் ஜன்னல் வெட்டியிருக்கிற இடங்களைச் சுற்றியும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய்ப் படுக்கைக்கு மேலே இருக்கிற முன் மூலையையும். மெத்தென்று அமிழ்ந்தால் மரச்சட்டம் உக்கிவிட்டது, அந்த வண்டிக்கு 9,800 டொலர் போடுவது வீண், அப்போது மகன் சொல்கிறதுதான் சரி. கெட்டியாக இருந்தால் திருத்தலாம்.

ரொறன்ரோவுக்கு இழுத்துக்கொண்டு வரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். 900 கிலோமீற்றருக்கு மேல். சாதாரணத் தட்டு ட்ரக்கில் 30 அடி வண்டி ஏறாது, கனரக ரோ ட்ரக் வேண்டும், கிலோமீற்றருக்கு 6 டொலர் என்று வைத்தாலும் 5,400, திரும்பிப் போகிற வெற்று ஓட்டத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். வழியில் வண்டி நின்றால் இழுத்து உதவுகிற அட்டை உங்களிடம் இருந்தால், அதில் மோட்டார் ஹோம் தனியாகச் சேர்த்திருக்கிறதா, எத்தனை கிலோமீற்றர் வரை என்று பாருங்கள், காருக்கு எடுத்த அட்டை பெரும்பாலும் இதற்குச் செல்லாது. கராஜ் வளவிலிருந்து வேறிடத்துக்குக் கொஞ்சத் தூரம் இழுப்பதென்றாலும் பின் சில்லுக்குப் போகிற தண்டைக் கழற்றச் சொல்லுங்கள், முன்பக்கம் தூக்கும்போது பின் வால் தரையில் இடிக்கிறதா என்று நீங்களே பின்னால் நின்று பாருங்கள். ஒன்ராறியோவில் 2024 ஜனவரி 1 முதல் ரோ கொம்பனிகளுக்கு மாகாண அனுமதிப் பத்திரம் வேண்டும், இழுக்க முதல் உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அது இல்லாதவரோடு கதைக்கவே வேண்டாம்.

என் முடிவு இது. நவம்பர் 5ஐக் கடைசி நாளாக வையுங்கள். அதற்குள் வேலை முடிந்து, அந்த ஊரின் மேடுகளில் குறைந்தது 50 கிலோமீற்றர் ஓட்டிப் பார்த்துத் தருவார்கள் என்றால் வந்து எடுத்துக்கொண்டு போங்கள், அதுவும் ரயரின் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்த பிறகு (2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை, அவ்வளவு பழைய ரயரோடு குளிர் ரோட்டில் இறங்க வேண்டாம்). அந்த நாள் தாண்டினால் மே மாதம்தான். நவம்பரில் சுப்பீரியர் ஏரிக்கரையோடு 17ஆம் நெடுஞ்சாலை எப்படி என்று அந்த ஊராரைக் கேளுங்கள், 1975 நவம்பர் 10 அன்று அந்த ஏரிப் புயலில் 222 மீற்றர் நீளமான எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பலே 29 பேரோடு தாண்டது, உங்களுடையது பக்கவாட்டில் காற்றைப் பிடிக்கிற 30 அடிப் பெட்டி. பேரே வாவா, கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே விடுகிற ஊர், போகும்போது ரோட்டை மூடிவிடும்.

மே என்றால் ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில் விழுகிறார்கள். ஒன்ராறியோ சட்டப்படி திருத்திய வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. நவம்பரில் கியர்பொக்ஸைப் பூட்டி, காசும் கட்டி, வண்டியை அங்கேயே விட்டால் பெப்ரவரியில் உத்தரவாதம் முடிந்துவிடும், நீங்கள் மே மாதம் ஒரு கிலோமீற்றர் ஓட முன்னமே. ஆகவே வேலையை ஏப்ரலில் தொடங்கச் சொல்லுங்கள், அல்லது உத்தரவாதம் நீங்கள் வண்டியைக் கையேற்கிற நாளில்தான் தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள். மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள், எழுதித் தந்த தொகையை விட 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. கழற்றிய பழைய ரேடியேற்றரை வைத்திருக்கச் சொல்லுங்கள், கேட்டால் தர வேண்டும், அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்யப்போவதில்லை, மாற்றினார்கள் என்று தெரியும்.

நிறுத்தி வைக்கிற வாடகையையும் இப்போதே பேசுங்கள். நாளுக்கு 40 டொலர் என்றால் மே நடுப்பகுதி வரை 200 நாளுக்கு மேல், 8,000 டொலரைத் தாண்டும், கியர்பொக்ஸ் விலைக்குக் கிட்ட. வேலை தங்களுக்குத்தான் என்று தெரிந்தால் வளவின் பின்பக்கத்தில் சும்மா விட ஒத்துக்கொள்கிற கராஜ்காரர் பலர் உண்டு, முற்பணம் கொஞ்சம் கொடுத்து அதையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதுவியுங்கள். காப்புறுதிக்காரருக்குப் போன் பண்ணி வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லி, ரோட்டில் ஓடுகிற பகுதியை நிற்பாட்டித் தீ, களவு, பனிப்பாரத்துக்கானதை மட்டும் வைத்தால் மாதக் காசும் குறையும்.

கிளம்புகிற அன்று பற்றரிகளைக் கழற்றிக்கொண்டு வாருங்கள் அல்லது நிறையச் சார்ஜ் ஏற்றிக் கம்பியைக் கழற்றி விடுங்கள், சார்ஜ் நிறைந்த பற்றரி எந்தக் குளிரையும் தாங்கும், இறங்கிய பற்றரி மைனஸ் 10க்குள்ளேயே உறைந்து பிளந்துவிடும். புரொப்பேனைத் தாங்கியிலேயே பூட்டுங்கள். நீட்டுகிற அறை இருந்தால் உள்ளே இழுத்துவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் வேண்டாம், அரிசி, மா, பருப்பு, பிஸ்கெற் எல்லாவற்றையும் இறக்குங்கள், வடக்கத்தி எலிகள் வயரையும் சேர்த்துத்தான் கடிக்கும். தூளையாவது விடலாம் என்று அண்ணி சொல்வார், நானும் அப்படித்தான் நினைத்து இரண்டு கிலோ யாழ்ப்பாணத்துத் தூளை டிரெயிலரில் விட்டேன், மே மாதம் பார்த்தால் தூளை நிலத்தில் கொட்டிவிட்டுப் பையை மட்டும் கிழித்துக் கூடு கட்டியிருந்தது.